வெங்காயத்துக்கு வந்த ரயில்

பந்தல்குடியில் செல்லப்பாண்டி வீடு எது என்று கேட்டால், எந்தச் செல்லப்பாண்டி என்பார்கள். ரயில் செல்லப்பாண்டி என்று சொல்லிவிட்டால் போதும், சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிடுவார்கள். ரயில்வேக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவனுடைய தொழில் பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் போடுவது. குட்டியானை வண்டியில் முன்பாதிக்கு வெங்காய மூட்டை, பின்பாதிக்கு ஊராருடைய ஓட்டைக் குடமும் காலொடிந்த நாற்காலியும் கிடக்கும். வண்டியின் தலையில் ஒரு ஒலிபெருக்கி. "ஒடஞ்ச கொடம், ஓட்ட வாளி, பழைய சேரு, பழைய இரும்புக்கு வெங்காயம்ம்ம்" என்று அதில் கூவுவது அவன் பெண்டாட்டி காளீஸ்வரி. அவன் குரல் எடுபடாது என்று அவளே செல்போனில் பேசிப் பதிந்து கொடுத்தாள். அதனால் பரளச்சியிலிருந்து வீரசோழன் வரைக்கும் அவள் தொண்டையைத் தெரியாத வீடு கிடையாது. ஆளைத்தான் ஒருத்தரும் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வெங்காயம் வாசல்படியைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டால் பேச்சு முடிந்தது. கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு இளகினால் மறுநாள் தெருவே வந்து நிற்கும். "ஏம்ப்பா, அந்த வாளியில அடிதானே ஓட்ட, கைப்பிடி நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். செல்லப்பாண்டி இளகியதே இல்லை.

ரயில் பித்து அவனுக்குச் சின்ன வயதில் பிடித்ததல்ல. அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. கல்யாணமாகி, மூத்த மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் பிடித்தது. ஒருநாள் வீட்டு வாசலில் சாக்கைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன் கையில் சிவப்பு பிளாஸ்டிக் இன்ஜின் ஒன்று அகப்பட்டது. அடியில் பேட்டரிக்கட்டை போடும் குழி. சும்மா பார்ப்போமே என்று டார்ச் லைட்டிலிருந்து கட்டையைக் கழற்றிப் போட்டான். அது விர்ரென்று கிளம்பி, கட்டிலுக்கடியில் புகுந்து, சுவரில் முட்டி, முட்டின இடத்திலேயே நின்று சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி குப்புறப் படுத்து அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவ்வளவுதான், ஆள் காலி.

வீரசோழன் பக்கம் முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவுக்கு வந்தவர்கள் சென்ட்டு, போர்வை, டார்ச் லைட்டோடு பிள்ளைகளுக்கு ரயில் செட்டும் கொண்டுவந்தார்கள். நீலத் தண்டவாளத்தை வட்டமாக மாட்டி விட்டால் கட்டை தீரும்வரை சுற்றும். பிள்ளைகளுக்கு என்றுதான் பேர். தொட்டால் கையை ஒடித்துவிடுவார்கள். வந்தவர்கள் போனவர்கள் பார்க்க அது கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கும். நிறம் மங்கினதும் பரணுக்குப் போகும், பரணிலிருந்து வெங்காயத்துக்கு வரும். வந்ததில் ஒன்றைக்கூட அவன் அருப்புக்கோட்டையில் பழைய பிளாஸ்டிக்கை எடைபோட்டு வாங்கும் கிலோக் கடைக்கு அனுப்பவில்லை.

எல்லாவற்றையும் செத்துப்போன பிரிட்ஜுகளுக்குள் அடுக்கி வைத்திருந்தான். அதுவும் தொழிலில் வந்ததுதான். கரிசல் தூசி கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வரும். பிரிட்ஜின் ரப்பரைத் தாண்டி வராது. நடுவீட்டில் வரிசையாக பிரிட்ஜுகள் நின்றன. "அடுத்த வீட்டுக்காரி பிரிட்ஜுல பாலு வச்சிருக்கா, மோரு வச்சிருக்கா. எங்க வீட்ல ரயிலு வச்சிருக்கு" என்று காளீஸ்வரி ஊரெல்லாம் சொல்வாள். கோபமாக ஆரம்பித்த பேச்சு, சொல்லிச் சொல்லி அவளுக்கே சிரிப்பாகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, கைவேலைக்காரன். பாசி பிடித்த தகட்டை எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பான். மங்கின பெட்டியைப் பற்பசை போட்டுத் துலக்கிப் பளபளக்க வைப்பான். ஓடாத இன்ஜினிலிருந்து பல்சக்கரத்தைக் கழற்றி ஓடுகிற இன்ஜினுக்கு மாட்டுவான். குறையோடு ஒரு ரயிலும் பிரிட்ஜுக்குள் போகக் கூடாது என்பதில் பிடிவாதம். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சிக்னல் வைத்த செட். அதில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்ன சிக்னல் கம்பம் இருக்கும். அதன் கையை இறக்கினால் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு மேடு எழும்பி இன்ஜினின் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். சக்கரம் அந்தரத்தில் சுற்ற, இன்ஜின் உறுமிக்கொண்டே அங்கேயே நிற்கும். கையை ஏற்றினால் மேடு அமுங்கி ரயில் புறப்படும். இப்படி ஒன்று உண்டு என்று செல்போனில் பார்த்திருந்தான், கையால் தொட்டதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஏக்கம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

அது கிடைத்தது போன மாசிமாதம், வீரசோழனில்.

நோன்புக்கு முந்தின வாரம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். சாமான் பூராவும் முற்றத்துக்கு வரும். கழிக்க வேண்டியது கழியும். இந்த வியாபாரத்தில் இருப்பவனுக்கு அது திருநாள். ஒரு வீட்டில் ஜன்னத் என்ற மருமகள் பெண் முற்றத்துச் சுவரோரம் கிடந்த இரண்டு சாக்குகளை இழுத்து வந்து வண்டியில் போட்டு, வெங்காயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வழியில் பரளச்சிக்கு அப்பால், ரோட்டோரம் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டாவது சாக்கைப் பிரித்தான். பழைய துணி சுற்றின பச்சை இன்ஜின், பெட்டிகள், நீலத் தண்டவாளம். அதற்கடியில் சிக்னல். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வற்றல் அள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் சிரித்தான்.

ஒரே ஒரு குறை. இன்ஜின் நொண்டியது. ஓடும், ஓடும், டக்கென்று ஒரு வெட்டு வெட்டும், மறுபடி ஓடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய பல்சக்கரத்தில் பல் போயிருந்தது. அதைக் கழற்றிக் குப்பையோடு எறிந்துவிட்டு வேறொரு இன்ஜினின் சக்கரத்தை மாட்டினான். கட்டைக் குழியில், கட்டை தகட்டைத் தொடட்டும் என்று யாரோ சாக்லேட்டின் ஜிகினாத் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள்; அதையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் தகடு வைத்தான். பற்பசை போட்டுத் துலக்கினான். இப்போது அது வெண்ணெயில் விரல் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. நல்ல பிரிட்ஜாகப் பார்த்து மேல்தட்டில் வைத்தான்.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, வெங்காய வண்டிக்காரன் வீட்டை விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு கனத்த பையோடு வந்திருந்தார்கள். காளீஸ்வரி "யாரு வேணும்?" என்று கேட்டதுதான் தாமதம், அவர்கள் முகம் மலர்ந்தது.

"வண்டியில கூவுறது நீங்கதானே தாயி? கொரல வச்சே கண்டுபுடிச்சேன்."

காளீஸ்வரிக்கு அந்த நிமிஷமே அவர்களைப் பிடித்துப்போனது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கேட்டாரா? உள்ளே கூட்டிவந்து நாற்காலி போட்டாள்.

அந்த அம்மா பேர் ஆசியா உம்மா. ஜன்னத்தின் மாமியார். வெள்ளை தெறித்துவிடக் கூடாதென்று ரயில் செட்டைத் துணியில் சுற்றி, சாக்கில் போட்டுச் சுவரோரம் வைத்ததே அவர்கள்தான். பக்கத்திலேயே கழிவு சாக்கும் இருந்திருக்கிறது. மருமகள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"தெரியாமக் குடுத்துட்டா. அது எம்பொருளு தம்பி. இந்தா, ஒங்க வெங்காயம். ஒரு நாளு ஆணங் காய்ச்ச எடுத்துட்டோம், மிச்சம் அப்பிடியே இருக்கு."

செல்லப்பாண்டி பிரிட்ஜைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டான். "பிளாஸ்டிக்கெல்லாம் அன்னைக்கே கிலோக் கடைக்குப் போயிருச்சு பெரியம்மா. இந்நேரம் அரைச்சிருப்பாங்க" என்றான். பொய் அவனுக்கே ஆச்சரியமாகச் சரளமாக வந்தது. காளீஸ்வரி அடுப்படி வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.

ஆசியா உம்மா வரிசையாக நின்ற பிரிட்ஜுகளைப் பார்த்து, "இத்தன வச்சிருக்கீக, கொஞ்சம் ஐஸ் தண்ணி குடுங்க, தொண்ட காயுது" என்றார்கள்.

"கரண்டு இல்ல பெரியம்மா."

அவர்கள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி கொடுத்த பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெங்காயப் பையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். "எடுத்துட்டுப் போங்கம்மா" என்று காளீஸ்வரி சொன்னதற்கு, "நான் குடுக்காத பொருளுக்கு எனக்கு எதுக்கும்மா வெங்காயம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

அந்தப் பையைக் காளீஸ்வரி ஆணியில் மாட்டினாள். அதிலிருந்து ஒரு வெங்காயம் எடுக்கவில்லை. வீட்டில் அவ்வளவு வெங்காய மூட்டை இருக்க, இந்தப் பையை அவள் பார்த்த பார்வையில் செல்லப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

"தொழிலுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்குல்ல" என்று அவனாகவே ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"இருக்கு. அவுக வெங்காயத்த வச்சிருந்தாத்தான் அது யாவாரம். வெங்காயமும் நம்ம வீட்ல, ரயிலும் நம்ம வீட்ல. இதுக்கு என்னங்க பேரு? நீங்களே சொல்லுங்க."

அந்த செட் போய்விட்டால் இன்னொன்று இந்த ஜென்மத்தில் வராது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. பேரன் பேத்திக்காகக் கேட்டிருப்பார்கள், கடையில் புதுசு வாங்கிக்கொள்ளட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். நோன்பு பிறந்தது. வெயில் ஏறியது. ஆணியில் தொங்கின பையிலிருந்து வெங்காயம் முளைவிட்டுப் பச்சைப் பச்சையாக வெளியே நீட்டியது. காலையில் பல் தேய்க்கும்போதும் அதுதான் கண்ணில் பட்டது, வண்டிச் சாவியை எடுக்கும்போதும் அதுதான். ஒருநாள் மத்தியானம் தட்டை வைத்துவிட்டு எழுந்து, பிரிட்ஜைத் திறந்து, செட்டை எடுத்துத் துணியில் சுற்றினான். காளீஸ்வரி வேறு நல்ல வெங்காயமாகப் பார்த்து ஒரு பை கட்டிக் கொடுத்தாள்.

வீரசோழனுக்குள் அன்றைக்கு ஒலிபெருக்கியை அமர்த்திவிட்டுத்தான் போனான். ஜன்னத் கதவைத் திறந்து வெங்காயப் பையை வாங்கிக்கொண்டாள். ஆசியா உம்மா சாயங்கால அசர் தொழுகை முடித்துப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கிலோக் கடைக்குப் போகல பெரியம்மா. எங்கிட்டதான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் தம்பி. காத்தாடி சுத்திக்கிட்டு இருந்துச்சே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு தண்டவாளத்தை வட்டமாக மாட்டினான். சிக்னலை நட்டான். புதுக்கட்டை போட்டு இன்ஜினை விட்டான். பளபளவென்று, சத்தம் தெரியாமல், அழகாகச் சுற்றியது. கொடுக்கிறோமே என்று இருந்தாலும், இதைவிட நன்றாக இதை ஒருத்தரும் வைத்திருக்க முடியாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஆசியா உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முகம் மெல்ல வாடியது.

"இது என்னுது இல்ல தம்பி."

செல்லப்பாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சத்தியமா ஒங்களுதுதான் பெரியம்மா! இந்தச் செட்டு எங்கிட்ட வேற இல்ல."

"என்னுது நொண்டும்."

அவன் விளக்கினான். பல் போன சக்கரத்தை மாற்றியதை, தகடு வைத்ததை, துலக்கியதை. சொல்லச் சொல்ல அவன் குரலே இறங்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் விளையாட இப்படி இருந்தால்தானே நல்லது என்று முடித்தான்.

"பிள்ளைகளா?" ஆசியா உம்மா சிரித்தார்கள். "இத எந்தப் பிள்ளையும் வெளையாண்டது கெடையாது. வெளையாண்டது நாந்தான்."

ஜன்னத்துக்கே அது புதுச் செய்தி. வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரக, மதார் சாகிபு, சவுதி தம்மாம்லருந்து மொதத் தடவ லீவுல வந்தப்பக் கொண்டாந்தாக. பிறக்கப்போற பிள்ளைக்காம். பிள்ள வயித்துலகூட இல்ல அப்ப! அவுக திரும்பிப் போன பெறகு இம்புட்டுப் பெரிய வீட்ல நான் மட்டும். மத்தியானம் கதவச் சாத்திட்டு இத ஓடவிட்டு ஒக்காந்திருப்பேன். பெறகு சகாபுதீன் பிறந்தான். நடக்கப் பழகுனப்ப ஓடுற ரயில இறுக்கிப் புடிச்சுட்டான், உள்ள என்னமோ நொறுங்கிருச்சு. அன்னைலருந்து நொண்டும். அவன் வாப்பா லீவுல வந்து கேட்டப்ப, நாந்தான் கீழ போட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப அவன் கத்தாருல இருக்கான். அவுக மண்ணுக்குள்ள போயாச்சு. அந்த டக்கு டக்கு இருந்தா வீட்ல ஆளு இருக்க மாதிரி இருக்கும் தம்பி. இது நல்லா ஓடுது. ஆனா இது யாரோ."

ஜன்னத் அழுதுவிட்டாள். "நான்தான் மாமி கண்ணு தெரியாமத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"அழுகாத, நோன்பு நேரத்துல."

செல்லப்பாண்டி இன்ஜினைக் கையில் எடுத்தான். பழைய சக்கரம் உண்மையாகவே அரைபட்டுப் போயிருக்கும். மாட்டியிருப்பது நல்ல சக்கரம். அதற்காக ஒரு இன்ஜினையே கொன்றிருந்தான். வாழ்நாளில் ஒடிந்ததை ஒட்டியிருக்கிறானே தவிர, ஒட்டினதை ஒடித்ததில்லை. இன்ஜினைப் பாயில் கவிழ்த்து வைத்தான். பிறகு ஜன்னத்திடம், "நெகவெட்டி இருக்காம்மா?" என்று கேட்டான்.

திருப்புளியால் அடிமூடியைக் கழற்றி, பெரிய சக்கரத்தை வெளியே எடுத்து, நகவெட்டியை ஒரு பல்லில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். பல் தெறித்துப் பாயில் விழுந்தது. மறுபடி மாட்டி ஓடவிட்டான். ஓடி, டக்கென்றது.

ஆசியா உம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். "வருது. ஆனா இது சும்மா தடுக்குது. அது நல்லா நொண்டும்."

"பக்கத்துப் பல்லையும் எடுத்தா ஓடாது பெரியம்மா."

"ஓடும். ஓடுச்சே."

அவன் மறுபடி மூடியைக் கழற்றினான். இன்னொரு பல்லையும் வெட்டினான். சாக்லேட் தாள் ஒன்றை ஜன்னத் தேடிக் கொண்டுவந்தாள். அதை மடித்துக் கட்டைக்குப் பின்னால் செருகினான். பச்சை இன்ஜின் புறப்பட்டது. வளைவில் தயங்கியது, டக் டக்கென்று வெட்டியது, நின்றுவிடும்போல இருந்து மறுபடி ஓடியது. மெக்கானிக் எவனாவது பார்த்தால் காறித் துப்புவான். ஆசியா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதான். இதான் தம்பி. அல்லா ஒங்கள நல்லா வைக்கட்டும்."

மூன்று பேரும் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் வெயில் இறங்கியது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் சத்தம் வந்தது. ஆசியா உம்மா கையை நீட்டிச் சிக்னலை இறக்கினார்கள். ரயில் வந்து அதன் முன்னால் நின்றது. சக்கரம் அந்தரத்தில் சுற்ற, இன்ஜின் உறுமியது.

அவன் பழக்கதோஷத்தில் சுவிட்சை அமர்த்தக் கையைக் கொண்டுபோனான்.

"தொட்டுராதீக தம்பி. சுவிச்ச அமத்துனா அடங்கிப் போகும். நான் எப்பவும் சிக்னலப் போட்டுட்டுத்தான் தொழுகப் போவேன். வந்து ஏத்திவிடுவேன்."

சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு செய்ய உள்ளே போனார்கள். ஜன்னத் நோன்புக் கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றி அவனிடம் கொடுத்துவிட்டு அவளும் போனாள். கூடத்தில் அவனும் ரயிலும் மட்டும். சும்மா நின்று கட்டை தீருதே, மோட்டார் சூடாகுதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. செல்லப்பாண்டி கஞ்சி டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தொழுதுவிட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.